புதருக்குள் மறையும் பறவையைப் பார்ப்பதும் படமெடுப்பதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காகம், மைனா, மாடப்புறா இவற்றைப் பார்க்க யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. அவையே வந்து கண்முன் நிற்கும். அதே தோட்டத்தில், அதே செடிகளுக்கு நடுவில், வருடக்கணக்காக இருந்தும் நம் கண்ணில் படாத பறவைகளும் உண்டு. தையல்சிட்டு நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். அதன் குரலைக் கேட்ட பலர் அதைப் பார்த்ததே இல்லை. செண்பகம் வேலி ஓரமாக நடந்து போகும். வாலின் கடைசி நுனி மட்டும் தெரியும். குயிலைக் கேட்காத ஆளில்லை, பெண்குயிலை நிதானமாகப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இந்தப் பறவைகளைத் தேடி அலைந்தால் கிடைக்காது. அவை வரப்போகிற இடத்தில் முன்னதாகவே போய் உட்கார்ந்திருந்தால் கிடைக்கும். எவ்வளவு கூச்சமுள்ள பறவைக்கும் ஒரு தினசரி வழக்கம் இருக்கிறது: எந்த நேரத்தில் எந்தப் புதரில் இரை தேடும், எங்கே தண்ணீர் குடிக்கும், எந்தக் கிளையில் உட்கார்ந்து இறகு கோதும் என்பதெல்லாம் பெரும்பாலும் மாறாது. அந்த வழக்கத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கால்வாசி வேலை. அதனால் இந்தக் கட்டுரையில் கேமரா கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

முதலில் ஓர் இடம் பிடியுங்கள்

தோட்டம் முழுவதையும் சுற்ற வேண்டாம். ஓர் அடர்ந்த புதர், அதன் பக்கத்தில் கொஞ்சம் திறந்த தரை, மேலே நிழல் தரும் ஒரு மரம். இந்த மூன்றும் சேருகிற இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பறவை புதருக்குள் இருந்தால் உங்களுக்குத் தெரியாது, முழு வெட்டவெளிக்கு அது வராது. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில்தான் அது இரை தேடும், ஏதாவது சத்தம் கேட்டால் ஒரே தாவலில் உள்ளே போய்விடலாம் என்பதால். பூங்கா, வீட்டுத் தோட்டம், கல்லூரி வளாகம் எதுவாக இருந்தாலும் இந்த ஓரம்தான் நமக்கு வேண்டியது.

உட்காரும்போது காலைச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பின்னால் ஒரு சுவரோ மரமோ இருந்தால் இன்னும் நல்லது. வானத்தை ஒட்டி உங்கள் உருவம் தனியாகத் தெரியாது. உடை மங்கலான பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் இருந்தால் போதும். ராணுவ வீரர் போல இலை அச்சிட்ட சட்டை வேண்டுமென்று கட்டாயமில்லை. பளிச்சென்ற வெள்ளையைத் தவிருங்கள், அவ்வளவுதான். நிறத்தைவிட அசைவுதான் பறவையை விரட்டும்.

நேரம்? சூரியன் உதித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் சிறந்தது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவை அப்போது இரை தேடுவதில் மும்முரமாக இருக்கும், எச்சரிக்கையும் சற்றுக் குறைந்திருக்கும். அடுத்தது மாலை, வெயில் சாய்ந்த பிறகு. நடுப்பகலில் பெரும்பாலான பறவைகள் நிழலுக்குள் போய் அடங்கிவிடும்.

உட்கார்ந்த முதல் பதினைந்து, இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்ததை எல்லாப் பறவைகளும் பார்த்துவிட்டன. அணில் ஒன்று கத்தும், தவிட்டுக்குருவிக் கூட்டம் சலசலக்கும். அது அடங்கும்வரை இருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எழுந்துபோவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். கைப்பேசியை எடுக்காமல் இருந்துவிட்டால், அரைமணி நேரத்துக்குள் தோட்டம் உங்களை மறந்துவிடும். அந்த மாற்றத்தைக் காதாலேயே உணரலாம்: எச்சரிக்கைக் குரல்கள் நின்று, சாதாரணக் கூப்பாடுகள் மறுபடி தொடங்கும்.

காதுதான் முதல் கருவி

புதர்ப் பறவைகளில் பத்துக்கு எட்டை முதலில் கேட்போம், பிறகுதான் பார்ப்போம். ஆகவே முதல் சில வாரங்களுக்கு ஐந்தாறு குரல்களை மட்டும் மனதில் நிறுத்துங்கள்.

தையல்சிட்டு உருவத்தில் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது, குரலோ தெருக்கோடி வரை கேட்கும். ஒரே மாதிரி, இடைவிடாமல் 'ட்விட், ட்விட், ட்விட்'. செண்பகத்தின் குரல் ஆழமானது, குடத்துக்குள்ளிருந்து வருவது போல 'ஊப், ஊப், ஊப்' என்று அடுக்கடுக்காக வரும். குண்டுக்கரிச்சான் இனப்பெருக்கக் காலத்தில் விடிவதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிடும். தோட்டப் பறவைகளில் அதைப் போல விதவிதமாகப் பாடுவது அரிது. செம்மார்புக் குக்குறுவான் 'டுக், டுக், டுக்' என்று செம்பைத் தட்டுவது போல ஒரே சீராகக் கூவும். இதைத் தேடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: கூவிக்கொண்டே அது தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். அதனால் ஒரு நேரம் அந்த மரத்திலிருந்தும் மறுநேரம் இந்த மரத்திலிருந்தும் சத்தம் வருவது போலத் தோன்றும். இடம் மாறியது பறவையல்ல. சத்தம் அதிகமாகக் கேட்ட திசையில் உள்ள மரத்தின் உச்சியில், இலை இல்லாத குச்சி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி, கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாகத் திருப்புவது. இரண்டு காதிலும் சத்தம் சமமாகக் கேட்கும்போது முகம் பறவையின் பக்கம் இருக்கும். பிறகு கண்ணைத் திறங்கள். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்தால் மெல்லிய குரலும் தெளிவாகும்.

எந்தப் பறவை என்று தெரியாவிட்டால் மெர்லின் என்ற செயலி உதவும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் உருவாக்கியது, இலவசமானது. குரலைக் கேட்டு இன்னது என்று சொல்லும். அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தும்வரை குறிப்பேட்டில் எழுத வேண்டாம். வேறு பறவையைப் போலக் குரல் எழுப்பும் பறவைகளிடம் செயலி ஏமாந்துபோகும்.

தோட்டத்தைத் தளம் தளமாகப் பாருங்கள்

இலைக்கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். தரை, தரையை ஒட்டிய செடிகள், புதர், நடுமரம், உச்சி என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு பறவைக்கும் தனக்கென ஒரு தளம் உண்டு.

தரையிலிருந்து தொடங்குவோம், எனக்கு மிகவும் பிடித்த தளம் அதுதான். காய்ந்த இலைகள் குவிந்த நிழலான மூலையில் 'சரக், சரக்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் ஆடாமல் இருங்கள். ஓணான் ஓடினால் சத்தம் தொடர்ச்சியாக வரும். தவிட்டுக்குருவிகள் என்றால் ஒரு கூட்டமே கிளறும். ஒற்றைப் பறவை என்றால் இரண்டு மூன்று தாவல், ஒரு நிறுத்தம், ஓர் இலை புரளும், மறுபடி நிறுத்தம். செந்தலைப் பூங்குருவியாக இருக்கலாம். தலையும் மார்பும் ஆரஞ்சு, முதுகு நீலம் கலந்த சாம்பல். காய்ந்த இலைகளுக்கு நடுவே அந்த ஆரஞ்சு கரைந்துவிடுவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மரகதப்புறாவும் இப்படித்தான்: உதிர்ந்த விதைகளைப் பொறுக்கியபடி நிழலோரமாக நடக்கும், பயந்தால் தாழ்வாக, அம்பு வேகத்தில் மரங்களுக்கிடையே பறந்து மறையும்.

ஆறுமணிக்குருவியும் இந்தத் தளத்துப் பறவைதான். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். குட்டை வால், நீண்ட கால்கள், பச்சை முதுகு, கண்ணை ஒட்டிப் பட்டையான கறுப்புக் கோடு, வாலுக்கு அடியில் சிவப்பு. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். வலசை வரும் மாதங்களில், களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்குவது உண்டு. இலைகளை அலகால் புரட்டிப் புழு தேடும்போது, இரண்டு புரட்டுக்கு நடுவில் வாலை மெல்ல ஏற்றி இறக்கும். அந்த நேரத்தில் சிவப்பு ஒரு கணம் தெரிந்து மறையும். அதைத்தான் கண் பிடிக்க வேண்டும்.

புதர்த் தளத்தில் இலை அசைவைக் கவனியுங்கள். காற்றடித்தால் எல்லா இலைகளும் ஒரே பக்கம் ஆடும். பறவை இருந்தால் ஓர் இலை மட்டும் தனியாகத் துள்ளும், பிறகு அரையடி தள்ளி இன்னொன்று. அந்தத் துள்ளல் போகிற திசைக்கு ஓரடி முன்னால் உள்ள இடைவெளியில் கண்ணை வைத்துக் காத்திருங்கள். தையல்சிட்டை நான் பார்ப்பது எப்போதும் இப்படித்தான். நிமிர்த்திய வால், துருநிற உச்சந்தலை, அடிப்பாகம் வெளுப்பு. கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். வாய் மூடினால் அது இறகுக்குள் மறைந்துவிடும். பெரிய இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ கோத்து இழுத்துக் கூடு தைக்கும். அப்படித் தைத்த இலை கண்ணில் பட்டால் அங்கிருந்து விலகி வந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செண்பகத்துக்கு வேறு வழி இருக்கிறது. இரவு மழை பெய்து காலையில் வெயில் வந்தால், வேலியின் உச்சிக்கு ஏறி, செம்பழுப்பு இறக்கைகளை விரித்து வெயில் காயும். சாதாரண நாட்களில் ஒளிந்து நடக்கிற பறவை அன்றைக்குப் பல நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ரத்தச் சிவப்புக் கண்ணை நன்றாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நடுமரத்தில் மாம்பழச்சிட்டு, அரசவால் ஈப்பிடிப்பான். உச்சியில் மாங்குயில், குக்குறுவான்கள். குயில் இலை அடர்ந்த நடுப்பகுதியில் இருக்கும், குறிப்பாகப் பழுத்த ஆல், அரசு, அத்தி மரங்களில். பழமரம் ஒன்று காய்த்திருக்கிறது என்றால் அலைய வேண்டியதே இல்லை, அதன் கீழேயே உட்கார்ந்துவிடலாம். பெண்குயில் கறுப்பாக இருக்கும் என்று எண்ணித் தேடாதீர்கள். அது பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் கொண்டது.

பைனாகுலர்

கேமராவுக்கு முன்னால் இதை வாங்குங்கள். 8x42 என்று எழுதியிருப்பது தொடங்குபவர்களுக்குப் பொருத்தம்: 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம், அதனால் நிழலிலும் படம் வெளிச்சமாக இருக்கும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும், பார்வைப் பரப்பு குறுகும். புதரில் தாவும் சிட்டைப் பிடிப்பது சிரமம். தோட்டத்துக்கு இன்னொன்று முக்கியம். எவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகும் என்று கேட்டு வாங்குங்கள், 2 மீட்டர் என்றால் மிக நல்லது.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பறவை மீதிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் காய்ந்த இலைகளையும் பூக்களையும் வைத்துப் பழகினால் கை தானாக வரும்.

நெருங்குவதைவிட வரவிடுவது நல்லது

உங்களிடம் 400 மி.மீ. லென்ஸும் முழுச்சட்ட கேமராவும் (படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு உள்ளது) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தூரத்தில் படச்சட்டத்தின் அகலத்துக்குள் 90 செ.மீ. அடங்கும். தையல்சிட்டின் நீளம் சுமார் 13 செ.மீ. அதாவது படத்தில் ஏழில் ஒரு பங்குதான் பறவை. அதே பறவை 5 மீட்டருக்கு வந்தால் சட்டத்தின் அகலம் 45 செ.மீ. ஆகிவிடும், பறவை இரண்டு மடங்கு பெரிதாகும். தூரம் பாதியானால் லென்ஸ் இரட்டிப்பானதற்குச் சமம். தோட்டத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறில்லை.

ஆனால் அந்த 5 மீட்டரை நீங்கள் நடந்து குறைத்தால் பறவை போய்விடும். பறவை வந்து குறைக்க வேண்டும். அதற்கு மிக எளிய வழி தண்ணீர்.

அகலமான, ஆழம் குறைந்த மண்தட்டு ஒன்று போதும். விளிம்பில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். உள்பக்கம் வழுக்கக் கூடாது. நடுவில் ஒரு கல் வைத்தால் சிறிய பறவைகள் அதன்மேல் நின்று குளிக்கும். புதருக்கு மிக அருகில் வைத்தால் பூனை பதுங்கிப் பாயும், நட்டநடு வெளியில் வைத்தால் கூச்சமுள்ள பறவை வராது. புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைப்பது இரண்டுக்கும் ஏற்றது. மேலே ஒரு பாத்திரத்தில் சின்னத் துளையிட்டுத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தால், அந்தச் சத்தத்துக்கே பறவைகள் வரும். தண்ணீரைத் தினமும் மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்கினால் கொசு முட்டையிடும், நோயும் பறவைக்குப் பறவை பரவும்.

தட்டிலிருந்து ஓரடி தள்ளி, பட்டை உரியாத பழைய கிளை ஒன்றை நட்டுவையுங்கள். தண்ணீரில் இறங்குமுன் பறவை ஒரு நிமிடம் அதில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்க்கும். உங்கள் படம் அங்கேதான் கிடைக்கும். கிளைக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டருக்கு எந்தச் செடியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பின்புலம் வழுவழுவென்று மங்கிவிடும். முதல் ஒரு வாரம் கேமராவையே எடுக்காதீர்கள். பறவைகள் அந்த இடத்தை நம்பட்டும்.

வீட்டுச் சன்னலே நல்ல மறைவிடம். அறை விளக்கை அணைத்து, திரைச்சீலையைப் பாதி மூடி, லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக, முடிந்தவரை ஒட்டி வையுங்கள். சாய்த்து வைத்தால் படத்தின் கூர்மை போய்விடும். சன்னல் கண்ணாடியில் மரம், வானம் பிரதிபலித்தால் பறவைகள் அதை வெளி என்று நினைத்து மோதிச் சாகும். ஆகவே தண்ணீர்த் தட்டைச் சன்னலுக்கு 3 அடிக்குள் வையுங்கள், இல்லையென்றால் 30 அடிக்கு அப்பால். மூன்றடிக்குள் இருந்தால் பறவைக்கு வேகம் எடுக்க இடமிருக்காது.

மறைவிடம் என்றதும் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1892-இல் பறவைக் கூட்டை முட்டைகளோடு படமெடுத்த முன்னோடிகள். பிற்பாடு, பாடம் செய்த ஒரு காளை மாட்டின் உள்ளே கேமராவோடு நின்றுகொண்டு பறவைகளைப் படமெடுத்தார்கள்! நமக்கு அவ்வளவு பாடு வேண்டாம். ஒரு பழைய பச்சைத் துணியைக் கயிற்றில் தொங்கவிட்டு, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டால் முடிந்தது. துணி காற்றில் படபடக்காமல் கீழே கல் வைத்துக் கட்டுங்கள்.

எப்போதாவது நெருங்கியே ஆக வேண்டும் என்றால் நேராகப் போகாதீர்கள். வேறெங்கோ போவது போலச் சாய்வாக, இரண்டு அடி வைத்து நிற்பதும் மறுபடி நடப்பதுமாகப் போங்கள். பறவையை முறைத்துப் பார்க்காதீர்கள். நேரடிப் பார்வையைப் பல பறவைகள் ஆபத்தாக எடுத்துக்கொள்கின்றன. குனிந்து, தாழ்வாக இருங்கள். பறவை இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டினாலோ, வாலைப் படபடவென்று அடித்தாலோ, உடம்பை ஒட்டி ஒடுக்கிக்கொண்டாலோ அதுதான் எல்லை. அங்கேயே நில்லுங்கள். மறுபடி இரை தேடத் தொடங்கினால் இருக்கலாம், இல்லையென்றால் இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள்.

சரி, இப்போது கேமரா

எந்தக் கேமரா என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். லென்ஸ் 300 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடங்கலாம். சிறிய சென்சார் உள்ள கேமராவில் அதே 300 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 450 மி.மீ. போல வேலை செய்யும். லென்ஸ் மாற்றாத சூப்பர்ஜூம் கேமராக்களும் நல்ல தொடக்கம். நிகான் பி950 போன்றவை 2000 மி.மீ.க்கு நிகராக எட்டும். வெளிச்சம் குறைந்தால் அவை தடுமாறும் என்பதை மட்டும் தெரிந்து வாங்குங்கள்.

கைப்பேசி மட்டும் இருந்தால்? தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் சின்ன முக்காலியில் கைப்பேசியை நிறுத்தி, 4கே வீடியோவை ஓடவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள். அந்த வீடியோவின் ஒவ்வொரு சட்டமும் ஏறக்குறைய 8 மெகாபிக்சல் படம். குளிக்கும் பறவையின் அருமையான கணங்களை அதிலிருந்தே பிரித்தெடுக்கலாம்.

கேமராவில் இருப்பவற்றில் ஷட்டர் வேகம், அதாவது ஒரு படம் பதிய எடுக்கும் நேரம்தான் முதல். சின்னப் பறவைகள் ஒரு நொடி சும்மா இருக்காது. கிளையில் உட்கார்ந்திருந்தாலும் 1/500 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். தையல்சிட்டுக்கு 1/1000, பறக்கும்போது 1/2000. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறவையின் அசைவை ஒன்றும் செய்யாது. ஒளி நுழையும் துளையை லென்ஸ் அனுமதிக்கும் அதிகபட்ச அகலத்தில் வையுங்கள், எஃப் 5.6 அல்லது 6.3. ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவு) தானியங்கியில் விட்டு, உச்சவரம்பை 3200 அல்லது 6400 என்று போட்டுவிடுங்கள். புதர் நிழலில் அது ஏறத்தான் செய்யும். படத்தில் பொரிப்பொரியாகத் தெரிவதைப் பிற்பாடு மென்பொருளில் குறைக்கலாம். அசைந்து மங்கிய படத்தை யாராலும் மீட்க முடியாது.

ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும், அதிலும் கேமராவில் உள்ள மிகச் சிறிய புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பல புள்ளிகளை விட்டால் கேமரா பறவைக்கு முன்னால் உள்ள குச்சியைத்தான் பிடிக்கும். பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி புதிய கேமராக்களில் இருக்கிறது. திறந்த கிளையில் அற்புதமாக வேலை செய்யும், இலைகளுக்குள் சில சமயம் தவறும். அப்போது, பறவை இருக்கும் தூரத்திலேயே உள்ள ஒரு தடித்த கிளையில் முதலில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பறவைக்குத் திரும்புங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடுவது நிற்கும்.

வெளிச்ச அளவில் கேமரா இரண்டு இடங்களில் தவறும். வானத்துக்கு எதிரே உள்ள உச்சிக்கிளைப் பறவை வெறும் கறுப்பு நிழலாக வரும். வெளிச்ச ஈடுசெய்தலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 அல்லது +1.5 ஆக்குங்கள். இருண்ட புதருக்கு முன்னால் வெளுத்த பறவை இருந்தால் அதன் மார்பு வெளிறிப்போகும், −0.7 வையுங்கள். குண்டுக்கரிச்சான் இதில் ஒரு சோதனை, கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில். வெள்ளையைக் காப்பாற்றுங்கள், கறுப்பைப் பிறகு தூக்கிவிடலாம். அதற்காகவே ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப்படமாக எடுப்பது நல்லது. இலை நிழலில் இறகுகள் பச்சை பூசியது போல வருவதையும் ரா கோப்பில் எளிதாகத் திருத்தலாம்.

கேமராவில் ஓசையில்லா ஷட்டர் இருந்தால் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அதையே பயன்படுத்துங்கள். இறக்கை அடிக்கும்போது மட்டும் வேண்டாம். பல கேமராக்களில் இறக்கை வளைந்து வரும். மூன்று நான்கு படங்களாக விட்டுவிட்டு எடுங்கள். முதல் படத்தை எடுத்ததும் பறவை தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும். அசையாமல் இருந்தால் அடுத்த சில நொடிகளில் இயல்புக்கு வரும், அதற்குப் பின் எடுப்பவைதான் நல்ல படங்கள்.

படத்தின் உயிர் பறவையின் கண்ணில் இருக்கிறது. வால் மங்கினாலும் பரவாயில்லை, கண் கூர்மையாக இருக்க வேண்டும், அதில் ஒரு துளி வெளிச்சம் மின்ன வேண்டும். தரைப் பறவை என்றால் நீங்களும் தரைக்கு இறங்குங்கள். நின்றுகொண்டு எடுத்த பூங்குருவி படத்தில் முதுகும் இலைகளும்தான் இருக்கும். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, லென்ஸை இலைகளின் உயரத்துக்குக் கொண்டுவந்தால், முன்னால் உள்ள இலைகள் மங்கலாகக் கரைந்து பறவை மட்டும் தனித்துத் தெரியும். இந்த ஒரு மாற்றம் தருவதை விலையுயர்ந்த லென்ஸ் தராது.

செய்யவே கூடாதவை

கூட்டைப் படமெடுக்காதீர்கள். தைத்த இலையிலிருந்து விலகச் சொன்னது இதற்குத்தான். நீங்கள் அடிக்கடி போனால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். நீங்கள் பார்க்கிற இடத்தைக் காகமும் பார்க்கும். நீங்கள் கிளம்பியதும் அது இறங்கும். மறைக்கும் இலைகளை ஒதுக்கிவிட்டால் குஞ்சுகள் நேர் வெயிலில் வாடும். கூடு இருப்பது தெரிந்தால் அந்தப் பருவம் முடியும்வரை வேறு மூலைக்குப் போங்கள். எரிக் ஹோஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் படக்கலைஞர் 1937-இல் ஓர் ஆந்தைக் கூட்டருகே போனபோது ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். கூட்டைக் காக்கும் பறவை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அது சான்று.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி நுழைந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு அது பதறி ஓடி வரும். மெர்லின் செயலியில் குரல்களைப் பழக வேண்டுமென்றால் காதுப்பொறி போட்டுக்கொண்டு கேளுங்கள். பறவை தெரியவில்லை என்பதற்காகப் புதரைத் தட்டுவது, கல்லெறிவது, கிளைகளை வெட்டுவது எதுவும் வேண்டாம். ஃபிளாஷும் வேண்டாம், குறிப்பாக ஆந்தைகளுக்கும் அந்தி நேரப் பறவைகளுக்கும்.

தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தால் இந்தப் பறவைகள் வருவது குறையும். இவற்றில் பாதிக்கு மேல் பூச்சியை நம்பி வாழ்பவை, பழமும் விதையும் தின்பவைகூடக் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சியைத்தான் ஊட்டும். உதிர்ந்த இலைகளை ஒரு மூலையிலாவது பெருக்காமல் விட்டுவையுங்கள். பூங்குருவிக்கும் ஆறுமணிக்குருவிக்கும் அதைவிடப் பெரிய அழைப்பு கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றன்றே குறிப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், வானிலை, எந்தத் தளம், என்ன செய்துகொண்டிருந்தது. 'காலை 6.40, மருதாணிப் புதரின் இடது ஓரம், தையல்சிட்டு, சிலந்தி வலையை இழுத்தது' என்ற அளவு போதும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரே பறவை ஒரே நேரத்தில் ஒரே கிளைக்கு வருவது உங்கள் எழுத்திலேயே தெரியும். அப்புறம் அலாரம் வைத்துப் போகலாம்.

அந்தப் பட்டியலை இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். வலசைப் பறவைகள் எப்போது வருகின்றன, எப்போது திரும்புகின்றன என்பது இப்படிச் சேரும் பல லட்சம் சிறிய பட்டியல்களிலிருந்துதான் தெரியவருகிறது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து எண்ணினால் போதும். ஆந்தை அடையும் மரம், கூடு இருக்கும் புதர் இவற்றின் சரியான இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

படங்களைக் கழிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரே மாதிரியான இருபதில் கண் கூர்மையான இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். ஆனால் இன்ன பறவை என்று தெரியாத எதையும், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், அழிக்காதீர்கள். பழுப்பும் பச்சையுமாக ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் கதிர்க்குருவிகளை அடையாளம் காண, புருவக்கோட்டின் நீளம், காலின் நிறம், வாலின் அடிப்பக்கம் இவைதான் பயன்படும். அதில் ஒன்று அந்த மங்கலான படத்தில் பதிந்திருக்கலாம். தனி உறையில் தேதியோடு போட்டுவைத்து, விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.